லேப்டாப்கள் அம்மா குரலில் பேசிய வருஷம்

பெங்களூர் மர்பி டவுன் சின்ன ஸ்கூலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் லேப்டாப்கள், தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை காலையிலிருந்து, அவரவர் அம்மாவின் குரலில் பாடம் சொல்லித்தர ஆரம்பித்தன. அன்று அல்சூர் மார்க்கெட்டில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய், பீன்ஸ் எண்பது. ஜனங்கள் பீன்ஸைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்த லேப்டாப்கள் புதியவை அல்ல. ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் ஏதோ ஒரு கம்பெனி தன் ஆட்களுக்குப் புதிது வாங்கிக் கொடுத்துவிட்டு, பழையதை எல்லாம் ஜூன் மாதத்தில் ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பியது. மூடிகளின் மேல் பழைய சொந்தக்காரர்கள் ஒட்டிய ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன. ஒன்றில் மலையேறுகிற மனிதன், இன்னொன்றில் பாதி கிழிந்த கிரிக்கெட் மட்டை. வேறு பள்ளியாக இருந்தால் அவற்றை ஒரு அறையில் அடுக்கி, ஜன்னலுக்குத் திரை போட்டு, பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, வாரத்துக்கு ஒரு முறை சாமி தரிசனம் போலக் காட்டிவிட்டு அனுப்பியிருப்பார்கள். தலைமை ஆசிரியர் ஆம்ப்ரோஸ் சார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிலேட்டும் பல்பமும் எப்படியோ அப்படித்தான் இதுவும், தினமும் கையில் புழங்க வேண்டும், பூட்டி வைத்தால் பொருளும் கெடும் பிள்ளையும் கெடும் என்றார். ஆறாம் வகுப்பு டோரீன் மிஸ் முதல் வாரம் கையால் தொடாமல் தள்ளியே நின்றார். முப்பது வருஷம் சாக்பீஸ் பிடித்த கை அது. ஆனால் வேறு வழியில்லாமல் இறங்கியவர், ஜூலை முடிவதற்குள் எந்த ஒயரை எந்த பிளக்கில் செருகினால் எந்த பல்பு அணையும் என்பது வரை கற்றுக்கொண்டுவிட்டார். பிள்ளைகள் காலையில் குழாயில் கை கழுவி, சீருடையில் துடைத்துக்கொண்டு, மூடியைத் திறப்பார்கள். கன்னட எழுத்துகளைத் தட்டிப் பழகுவார்கள், காவிரி எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று படத்தில் விரலால் துரத்துவார்கள், கணக்குப் போடுவார்கள். படிக்கத் திணறுகிற பிள்ளைக்கு லேப்டாப்பே வாசித்துக்காட்டும். எந்த ஊர்க்காரி என்று சொல்ல முடியாத ஒருத்தி, தூக்கக் கலக்கத்தில் இருப்பவள் போல, ஆங்கிலத்தை ஒரே சுருதியில் வாசிப்பாள். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். அதில் பாதி காதோடு நின்றுவிடும்.

இது இப்படி இருக்க, ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை அன்று ஆட்டோவிலிருந்து அரிவாள்மனை வரை எதுவும் சந்தனம் குங்குமத்துக்குத் தப்ப முடியாது. மாதா கோவில் பள்ளிதான் என்றாலும், பிள்ளைகளின் அப்பாக்கள் லேத்திலும் ஆட்டோவிலும் பிழைப்பவர்கள். பள்ளி மணிக்கும் தையல் மெஷினுக்கும் வருஷா வருஷம் பொட்டு வைப்பது நடந்துகொண்டுதான் இருந்தது, ஃபாதரும் அன்று ஒரு நடை வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். இந்த முறை ஆம்ப்ரோஸ் சார், அம்மாக்களே வந்து அவரவர் பிள்ளையின் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். அம்மாக்கள் குளித்து முழுகி வந்தார்கள். மூடியைத் திறந்து, முகம் என்றால் நெற்றி எங்கே இருக்கும் என்று பார்த்து, திரைக்கு மேலே நட்டநடுவில் வைத்தார்கள். கேமரா இருக்கும் இடம் அதுதான். கிறிஸ்தவ வீட்டு அம்மாக்கள் கட்டைவிரலால் அதே இடத்தில் சிலுவை போட்டார்கள், நஸ்ரீனின் அம்மா ஏதோ ஓதி மூன்று முறை ஊதினார். டோரீன் மிஸ் கவனித்தபோது காரியம் மிஞ்சிவிட்டிருந்தது. துடைத்துவிடலாம் என்றால், வைத்த பொட்டை அழிக்கலாமா என்று அத்தனை அம்மாக்களும் ஒரே குரலில் பதறினார்கள். அந்த ஒரே குரல்தான் பிறகு தனித்தனியாகப் பிரிந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்று ஆம்ப்ரோஸ் சார் பின்னாளில் அபிப்பிராயப்பட்டார். அவர் சொன்னதற்கு மேல் விளக்கம் இன்று வரை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை முதலில் பேசியது ஜாய்சனின் லேப்டாப். அவன் ஒரு கழித்தல் கணக்கை அரைகுறையாகப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவப் பார்த்தான். "பக்கத்து நம்பர்கிட்ட கடன் வாங்குனியே, அங்க ஒண்ணு கொறச்சியா? கொறைக்காமலே ஓடறியே, திருட்டுப் பையா!" என்று அவன் அம்மா லவினா உள்ளேயிருந்து கேட்டாள். ஜாய்சன் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தான். மதிய உணவு மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் அப்படி ஆகிவிட்டது. நஸ்ரீனுக்கு அவள் அம்மா மழை பெய்யும் விதத்தை உருதுவில் விளக்கினார், சஞ்சய்க்கு அவன் அம்மா கன்னடமும் தமிழும் கலந்து பூமத்திய ரேகையைச் சொன்னார். பாதி அம்மாக்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். ஆனாலும் ஒருவர்கூட ஆங்கிலத்தைப் பிசகாக வாசிக்கவில்லை. போட்டோசிந்தசிஸ் என்பதைப் பச்சை மிளகாய் என்பதைப் போலச் சரளமாகச் சொல்லி, அதாவது கண்ணு, இலை சோறாக்குது, அடுப்பு வெயிலு, என்று முடித்துவிடுவார்கள். அத்தனை குரலும் ஒரே அறையில் கேட்டால் சந்தைக்கடை ஆகாதா என்றால், ஆகவில்லை. கல்யாண மண்டபக் கூச்சலிலும் தன்னைக் கூப்பிடுகிற குரல் ஒருவருக்குத் தனியாகக் கேட்கிறதல்லவா, அப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் அம்மா மட்டும் கேட்டாள். பக்கத்தில் குனிந்து நின்றால் மற்றவர்களுக்கும் கேட்கும்.

பழுதாக இருக்குமோ என்று டோரீன் மிஸ் கம்பெனிக்குப் போன் செய்தார். க்ளென் என்ற இளைஞன் பை நிறையக் கருவிகளோடு வந்து, ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தான். ஜாய்சனின் லேப்டாப்பைக் கொஞ்சம் பலமாகத் தட்டியதற்கு உள்ளேயிருந்த லவினாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் எந்தப் பழுதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்டருகே வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நின்று, மங்களூரில் இருக்கும் தன் அம்மாவுக்கு வெகுநேரம் போன் பேசினான். மாதப் பரீட்சையில் பிள்ளைகள் எழுதியதைப் பார்த்து டோரீன் மிஸ்ஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பார்த்து எழுதுவது நின்றிருந்தது, புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டுவது நின்றிருந்தது. அன்று மாலை மாதா கோவிலில் பெரிய மெழுகுவர்த்தியாக ஏற்றினார். என்ன விசேஷம் என்று ஃபாதர் கேட்டதற்கு, கூடமாட வேலை செய்ய ஆள் கிடைத்திருக்கிறது ஃபாதர் என்றார்.

வகுப்பில் ஒரே ஒரு லேப்டாப் மட்டும் பேசவில்லை. அது அனுஷாவுடையது.

அனுஷாவின் அப்பா முனியப்பன் அடுகோடியில் ஒரு ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டுகிறவன். அவளைப் பெற்ற பிரபா, அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்து முனியப்பன் குடியாத்தத்திலிருந்து சொர்ணத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். சொர்ணம் நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவள், அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் மாவு மில்லில் வேலை செய்கிறாள். மில் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினால்தான் எதிரே நிற்பவருக்கு முணுமுணுப்பாகக் காதில் விழும். ஆகவே தனக்கு வாய்த்தது சின்னக் குரல் என்று சொர்ணம் இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள். அவள் பேச வாய் திறந்தால் தெருவில் நாய் எழுந்து நகர்வதை அவள் கவனித்ததில்லை. ஆயுத பூஜை அன்று மில் மெஷினுக்கும் பூஜை என்பதால் முதலாளி அவளை விடவில்லை. பள்ளியில் டோரீன் மிஸ், நான் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு அனுஷா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். அந்த லேப்டாப்பின் நெற்றி வெறுமையாகவே இருந்தது.

அனுஷா குறை சொல்ல முடியாத பெண். சொர்ணத்துக்கு அதுதான் குறை. சொன்ன வேலையைச் செய்வாள், போட்டதைச் சாப்பிடுவாள், எதிர்த்துப் பேச மாட்டாள். ஆனால் இந்த மூன்று வருஷத்தில் சொர்ணத்தை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்றும் இல்லை, சித்தி என்றும் இல்லை. மாடியில் துணி காயப்போடும்போது கிளிப் வேண்டுமென்றால் மேலேயிருந்து குரல் கொடுக்க மாட்டாள். படியிறங்கி வந்து, சமையலறை வாசலில் நின்று, சொர்ணம் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து, கிளிப் எங்க வெச்சிருக்கீங்க என்பாள். பெற்ற அப்பனை வா போ என்கிற பெண், இவளை மட்டும் பக்கத்து வீட்டு டீச்சர் மாதிரி வாங்க போங்க என்றாள். சொர்ணம் இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக் கேட்டு வாங்குகிற பொருளா அது? வெங்காயம் நறுக்கும்போது மட்டும் கொஞ்சம் அதிகமாக அழுதுகொள்வாள்.

லேப்டாப் சங்கதியை மில்லுக்குக் கொண்டுவந்தவள் லவினா. கோதுமை அரைக்க வந்தவள், டப்பாவைக் கீழே வைக்கவும் மறந்து சொன்னாள். "சும்னே சொல்லல சொர்ணம், ஏசு மேல ஆண! நான் பேசறேனாம் உள்ள. ஜாய்சனுக்கு டெசிமலு சொல்லிக் குடுக்கறேனாம். எனக்கு டெசிமல்னா இன்னான்னே தெரியாது." பிறகு குரலை இறக்கி, உங்க பொண்ணோடது மட்டும் ஊமையா கீதாம் என்றாள். இறக்கிய குரல் என்பதால் சொர்ணம் மில்லை நிறுத்திவிட்டுத்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பொட்டு வைக்காததால் பேசவில்லை என்றார்கள் சிலர். செத்துப்போனவள் எப்படிப் பேசுவாள் என்றார்கள் சிலர். சித்திதானே, மிஷினுக்குத் தெரியாதா என்று சிரித்தவர்களும் உண்டு. அந்தச் சிரிப்புதான் சொர்ணத்தின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. தலை வாரியது, காய்ச்சலுக்கு விடிய விடிய ஈரத்துணி போட்டது, சீருடைக்கு உள்தையல் பிரித்தது எல்லாம் பொய்தானா, ஒரு பழைய மிஷின் அதைத் தராசில் போட்டுப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டதா என்று நினைத்து நினைத்து மாய்ந்தாள். ஒருநாள் மதியம் மில் சாத்தியிருந்த நேரத்தில் பள்ளி ஜன்னலோரம் போய் நின்றாள். உள்ளே பிள்ளைகள் எல்லாம் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும், கோபித்துக்கொண்டும், எனக்குத் தெரியும்மா சும்மா இரு என்று பதில் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். அனுஷா மட்டும் லேப்டாப்பின் மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒன்றும் இல்லை.

சொர்ணம் மில்லுக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து, டிவிக்கு மேலே மாட்டியிருந்த பிரபாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். தினமும் விளக்கேற்றுவாளே தவிர, அந்தப் படத்திடம் அவள் அதுவரை எதையும் கேட்டதில்லை. தன் ஆசை ஒன்று தொண்டை வரை வந்தது. அதை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீங்க ஒருவாட்டி வந்து பேசிட்டுப் போங்க. புள்ள தனியா உக்காந்துக்கினு கீது. எனக்குப் பாக்க முடியல." படத்துக்குக் கீழே இருந்த குங்குமத்தை விரலால் வழித்து ஒரு காகிதத்தில் மடித்தாள். கையில் ஒட்டியிருந்த கேழ்வரகு மாவும் அதோடு கொஞ்சம் போயிற்று. மறுநாள் காலை அனுஷா பையை மாட்டும்போது கொடுத்து, மிஷினுக்கு வெச்சு விடு என்றாள். யாருடைய குங்குமம் என்று அனுஷா கேட்கவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, இன்னிக்கு என்னோடது பேசுச்சு என்றாள் அனுஷா. முனியப்பன் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டான். சொர்ணம் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். யார் குரலில் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேட்பானேன்? படத்தின் முன்னாலிருந்து எடுத்த குங்குமம், படத்திலிருப்பவள்தான் வந்திருப்பாள். அன்றிரவு வீடு அடங்கியதும் படத்தின் முன்னால் போய்க் கைகூப்பி, வந்தீங்களே அக்கா, நல்லா இருக்கணும் நீங்க என்றாள். செத்தவளை நல்லா இருக்கச் சொல்கிறோமே என்று பிறகுதான் உறைத்தது. இருந்தாலும் சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதன்பிறகு அவளுக்குப் பிரபாவோடு ஒரு பேச்சுவார்த்தை ஏற்பட்டுவிட்டது. இன்னிக்கு வாய்ப்பாடு சரியாச் சொன்னாளாமே அக்கா, நீங்க பாத்துக்கறீங்க, எனக்கு நிம்மதி என்பாள். பூ வாங்கினால் முதல் கண்ணி படத்துக்குப் போனது. அவரைக்காய் சீசன் வந்ததும், பிரபாவுக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு என்றால் உயிர் என்று எப்போதோ முனியப்பன் சொன்னதை ஞாபகம் வைத்து, ஊறவைத்து ஒவ்வொரு பருப்பாகப் பிதுக்கி, குழம்பு வைத்துப் படையல் போட்டாள். பொறாமை இல்லையா என்றால் இருந்தது, ஏன் இல்லாமல்? ஆனால் காலையில் அனுஷா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதைப் பார்க்கும்போது, பொறாமைக்கு மேல் நன்றி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெற்றோர்கள் வந்து பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கும் நாள் வந்தது. சொர்ணம் முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு, தலையில் மாவோடு ஓடினாள். அனுஷா அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து, இங்க நின்னு கேளுங்க என்றாள். திரையில் ஒரு வட்டம் நாலாகப் பிரிந்து நின்றது. உள்ளேயிருந்து ஒருத்தி பேசினாள்: "ஒரு சப்பாத்திய நாலா கிழிச்சிட்டோம். நீ மூணு துண்ட துன்னுட்ட. அப்ப தட்டுல எவ்ளோ கீது? தட்டப் பாத்து சொல்லு, என் மொகத்த பாக்காத!" கணீரென்ற குரல். ஒரு முரட்டுத்தனம் இருந்தது, அதற்கு அடியில் எத்தனை தடவை கேட்டாலும் திரும்பச் சொல்லும் பொறுமை இருந்தது. அனுஷா கால்வாசி என்றாள், அந்தக் குரல் "அப்டி சொல்லு என் ராசாத்தி" என்று மகிழ்ந்தது. சொர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட குரல்! இப்படி ஒருத்தியோடு வாழ்ந்த வீட்டில், இந்தச் சின்னக் குரலை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பேச்சுக்குக் குறுக்கே நிற்க மனமில்லாமல், மில்லுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் அங்கே நடந்த கூத்தைப் பார்த்திருப்பாள். ஜாய்சனின் லேப்டாப்பைக் கேட்ட லவினா, யாருடி இவ, தகர டப்பாவுல கல்லு போட்ட மாதிரி, என் புள்ளைக்கு எவளோ பாடம் சொல்றா என்று கத்த ஆரம்பித்தாள். வரிசையாக எல்லா அம்மாக்களும் அப்படியே கத்தினார்கள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் சார் தன் போனில் ஒவ்வொருவர் பேச்சையும் பதிந்து திருப்பிப் போட்டுக் காட்டிய பிறகுதான், வெளியிலிருந்து கேட்டால் தன் குரல் இப்படித்தான் இருக்கும் என்று ஒவ்வொருவரும் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். முகத்துக்குக் கண்ணாடி இருக்கிறது, குரலுக்கு ஏது? அன்று பட்ட வெட்கத்தில் லவினா இந்தக் கதையை மட்டும் மில்லுக்கு எடுத்துக்கொண்டு வரவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொர்ணம் முனியப்பனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "நீ ஒருவாட்டி இஸ்கோலுக்குப் போய்ட்டு வா. பிரபா அக்காதான் பேசறாங்க. நான் கேட்டேன். உனக்கும் கேக்கணும்னு இருக்கும்ல?" முனியப்பன் கையில் இருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். அவனுக்கு ஒரு துக்கம் இருந்தது, சொர்ணத்திடம்கூடச் சொல்லாதது. பிரபாவின் முகம் ஞாபகம் இருந்தது, நடை ஞாபகம் இருந்தது, குரல் மட்டும் மறந்துபோய்விட்டது. பழைய போன் உடைந்தபோது அதிலிருந்ததும் போயிற்று. லேத்துக்குப் பக்கத்தில் நின்று எத்தனையோ நாள் அந்தக் குரலைத் தேடிப் பார்த்திருக்கிறான். மறுநாள் அரை நாள் லீவு போட்டு, வெளுத்த சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டு போனான். சொர்ணம்தான் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள். அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை.

அப்படியே வேலைக்கும் போய்விட்டு இரவு அவன் திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, துண்டால் துடைத்து, அப்புறம்தான் சொன்னான்.

"அது பிரபா இல்ல."

"அப்ப யாரு?"

"யாரா? நீதான்."

சொர்ணத்துக்குக் கோபம் வந்தது. "வெளையாடாத. அது எவ்ளோ நல்லா கணீர்னு கீது. என் கொரலு அப்டியா?"

"நல்லா கீதுன்னு யார் சொன்னா? மில்லு பெல்ட்டு அறுந்த மாதிரி கீது. ஆனா நீதான். பொட்டப் பாத்தேன், அதுல கூட கேவுறு மாவு." முனியப்பன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, துண்டைக் கொடியில் போட்டான். "அவ கொரலு கேக்கும்னுதான் போனேன். கெடைக்கல. போட்டும். அனுஷாவ கேட்டேன், யாருன்னு தெரியுமா உனக்குன்னு. தெரியாம இன்னா, வூட்டுல தினிக்கும் கேக்கறதுதானேப்பா, அப்டின்றா. மொத நாள்லருந்து அவளுக்குத் தெரியும். உனக்கும் தெரியும்னு நெனச்சுக்கினு கீறா."

சொர்ணம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், பேசினால் அந்தக் குரல் கேட்டுவிடுமோ என்று பயந்தவள் மாதிரி. கடைசியில் அவளுக்குத் தோன்றியது ஒரு நியாயமான கேள்விதான். எனக்குத்தான் பின்னமே தெரியாதே, நாலாம் கிளாசோட நின்னவளாச்சே, எனக்குத் தெரியாத கணக்க என் கொரலு எப்டி சொல்லும் என்றாள். அது எனக்கு இன்னா தெரியும், போய் அதையே கேளு என்று சொல்லிவிட்டு முனியப்பன் படுக்கப் போய்விட்டான். அவள் எழுந்து பிரபாவின் படத்துக்கு விளக்கேற்றினாள். இத்தனை நாள் ஆள் மாற்றி நன்றி சொல்லிவிட்டோமே என்று முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தபோது, இடம் விட்டது அவள்தானே, விடாமல் இருந்திருந்தால் நான் எங்கே பேசியிருப்பேன் என்று பட்டது. அந்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. முதல் கண்ணிப் பூ இன்றும் படத்துக்குத்தான் போகிறது.

மறுநாள் மதியம் மில் சாத்தியதும் சொர்ணம் முகம் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வாசலில் நின்று, மிஸ், நானும் கொஞ்ச நேரம் உக்காந்து கேக்கலாமா என்றாள். டோரீன் மிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் குரலைக் கேட்டதும் விஷயம் புரிந்துபோய், உள்ளே வாங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு என்றார். அனுஷா பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தாள். லேப்டாப்பில் சொர்ணம் பேசினாள், பெஞ்சில் சொர்ணம் கேட்டாள். முதலில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை, தன் குரலையே வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏய், உனக்குந்தான் சொல்றேன், பராக்கு பாக்காம படத்தப் பாரு" என்று திரைக்குள்ளிருந்து அதட்டல் வந்ததும், சரிங்க என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அனுஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழே இருக்கிற எண் பெரிதாகப் பெரிதாகத் துண்டு சின்னதாகிறது என்பது அன்று சொர்ணத்துக்குப் புரிந்தது. மில்லில் அரைப்படி கால்படி என்று ஆயிரம் தடவை அளந்த கைதான் அது, இருந்தாலும் அதற்கு இப்படி ஒரு எழுத்து இருக்கிறது என்று தெரிந்தபோது ஏதோ சொத்து கைக்கு வந்த மாதிரி இருந்தது. மதியம்தோறும் வந்தாள். பிப்ரவரியில் பின்னங்களைக் கூட்டினாள், மார்ச்சில் வகுத்தாள். மற்ற அம்மாக்களும் ஒவ்வொருவராக வந்து, பிள்ளைகளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, தங்களிடமே பாடம் கேட்டுக்கொண்டார்கள். பெஞ்சு போதாமல் ஆம்ப்ரோஸ் சார் கோவில் ஹாலிலிருந்து நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த ஜூனில் லேப்டாப்கள் புதிதாக வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்குப் போயின. பழைய குரல்கள் ஓய்ந்து, தசரா விடுமுறைக்குப் பிறகு புதிய அம்மாக்கள் பேச ஆரம்பித்தார்கள். யாரும் க்ளெனுக்குப் போன் செய்யவில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க அம்மாக்களை முன்கூட்டியே வரிசையில் நிற்கவைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அனுஷா ஏழாம் வகுப்புக்குப் போனாள். பாடம் சொல்ல லேப்டாப் குரல் இல்லாததால் வீட்டில் சொர்ணமும் அவளும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு கணக்கு செய்தார்கள். ஒருநாள் சாயங்காலம் சொர்ணம் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்து, விகிதக் கணக்கு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது: "அம்மா! கிளிப்பு எங்க வெச்ச?" அந்த ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவள் சொர்ணம். அவள் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

"இருடி, இந்தக் கணக்க முடிச்சிட்டு வரேன்" என்றாள்.

வேலையிலிருந்து வந்து வாசலில் ஒரு செருப்பைக் கழற்றி ஒன்றைக் கழற்றாமல் நின்றிருந்த முனியப்பன் மட்டும்தான் அந்த வார்த்தையைக் கவனித்தான். அவளிடம் அவன் சொல்லவில்லை. இப்போது அந்தப் பெண் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிறாள், சொர்ணம் நூறு தடவையும் எரிந்து விழுகிறாள்.